ஒரே வாரத்தில் நான்கு உறுதிமொழி

ஏலே கண்ணா,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்" என்பதைத் தாண்டி ஒன்றும் வருவதில்லை. ஆகவே எழுதுகிறேன். இருபத்தாறு வருடமாகக் கோப்பு எழுதிச் சோறு தின்கிற கை இது; பேச்சில் வழுக்குவது எழுத்தில் வழுக்காது. 'பார்வையில் காணும் கடிதம்', 'தங்களின் மேலான கவனத்திற்கு' எல்லாம் இதில் வராது, பயப்படாதே. ஒரு பிரதி உனக்குத் தபாலில் வரும். இன்னொன்றை எங்கள் ஊழியர் சங்கத்தின் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிரதியில் மற்றவர்கள் பெயர்களை மாற்றிவிட்டேன், என் பெயரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். வீட்டு விஷயத்தை ஏன் வீதிக்குக் கொண்டுபோகிறாய் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

உன் அப்பா போய், கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை கிடைத்தபோது உனக்கு இரண்டரை வயது. சேர்ந்த மூன்றாம் மாதமே ஏதோ ஒரு தினம் வந்தது. என்ன தினம் என்பதுகூட இப்போது நினைவில்லை. உறுதிமொழி படிக்க வேண்டிய அதிகாரிக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. "யாருக்கும்மா சத்தம் நல்லா வரும்?" என்று அவர் கேட்க, மொத்த ஆபீசும் என்னைத் திரும்பிப் பார்த்தது. புதிதாக வந்தவள், மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். போய் நின்று படித்தேன். நான் ஒரு வரி சொல்ல, நாற்பது பேர் வலது கையை நீட்டிக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னார்கள். புருஷனைப் பறிகொடுத்த நாளிலிருந்து 'பாவம்' என்ற ஒரு சொல்லையே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, தான் சொன்னதை நாற்பது பேர் திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அன்றைக்குப் பிடித்த மைக்கை நான் இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

எத்தனை தினங்கள் என்கிறாய்! கை கழுவும் தினம், கழிப்பறை தினம், சிட்டுக்குருவி தினம், வாக்காளர் தினம், ஒற்றுமை தினம். மேலே இருந்து சுற்றறிக்கை வரும், கீழே நாங்கள் வரிசையில் நின்று கையை நீட்டுவோம், படம் எடுத்து மேலே அனுப்புவோம். பாதி நாள் உறுதிமொழி முடியுமுன்பே படம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு மழை நாளில் ஆளே வராமல், முந்தின தினத்துப் படத்தையே திரும்ப அனுப்பி, இரண்டிலும் நான் அதே மாம்பழ மஞ்சள் சேலையில் நிற்பதை மேலதிகாரி கண்டுபிடித்துக் கேட்டாரே, அதைச் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நான் காலையில் அடுப்படியில் நின்று உறுதிமொழியை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்ப்பேன். நீ பள்ளிக்கூடச் சட்டையை அரையும் குறையுமாக மாட்டிக்கொண்டு வந்து, கையை முன்னால் நீட்டி, "எம்மா, இன்னைக்கு எத ஒழிக்கணும்?" என்பாய். கொசு, பிளாஸ்டிக், லஞ்சம், தீண்டாமை எல்லாவற்றையும் ஒழித்துவிட்டுத்தான் நீ இட்லிக்கு உட்காருவாய்.

ஜனவரி கடைசி வாரம் எங்களுக்குத் திருவிழா மாதிரி. இருபத்து நான்காம் தேதி பெண் குழந்தைகள் தினம். இருபத்தைந்து வாக்காளர் தினம். இந்த வருடம் அது சனிக்கிழமை ஆகிவிட்டதால் அதையும் இழுத்து வெள்ளிக்கிழமையே வைத்துக்கொண்டோம். முதல் உறுதிமொழி முடிந்ததும் கையை இறக்கினவர்களை, "இன்னும் ஒண்ணு கெடக்கு, அப்படியே நில்லுங்க" என்று நான்தான் அதட்டினேன். பெண் பிள்ளைகளைக் காப்போம் என்று சொன்ன அதே வாயால், அதே நிமிஷத்தில், சாதி மதம் பார்த்து ஓட்டுப் போட மாட்டோம் என்றும் சொன்னோம். பிறகு, குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து ஒரு லீவு போச்சே என்று எல்லோரும் சேர்ந்து துக்கம் கொண்டாடினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ ரேவதியைக் கூட்டிக்கொண்டு வந்தாய். ஆபீசில் கொடியேற்றிவிட்டு பத்து மணிக்கு வந்து, உளுந்த வடைக்கு அரைத்து வைத்திருந்தேன். கங்கைகொண்டானில் உன்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை என்பதும், கட்டிக்கொள்ளப் போகிறவள் என்பதும் நீ முன்பே சொன்னதுதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். செருப்பை வாசலில் சேர்த்துப் போட்டுவிட்டு, குழாயில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். நல்ல முகம். உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஊரு எதும்மா?"

"வள்ளியூர்ம்மா."

"வள்ளியூர்ல எங்கன?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தால."

"பொறத்தாலன்னா, எந்தத் தெரு?"

நம்ம பக்கம் யாரும் யாரிடமும் அந்தக் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டால் போதும், மீதி தானாகத் தெரிந்துவிடும். அவளுக்கும் அது தெரியாதா என்ன? ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெருப் பெயரைச் சொன்னாள். தலையைக் குனியவில்லை. நான் "ஓ, சரி சரி, காப்பி கொண்டாறேன்" என்று எழுந்து உள்ளே போனேன். தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளரும் ஒரு பேப்பர் கப்புமாகத் திரும்பி வந்தேன்.

அதை நீ பார்த்தாய். அவளும் பார்த்தாள். கப்பை அவள் பக்கம் வைத்தவள் நான். அவள் எடுத்து, முழுவதும் குடித்துவிட்டு, தானே எழுந்துபோய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "காப்பி நல்லாருக்கும்மா" என்றாள். உன் டம்ளரில் ஆடை படிந்துகொண்டிருந்தது, நீ தொடவே இல்லை. வடை அடுப்பில் காந்தியது. போகும்போது அவளை முன்னால் அனுப்பிவிட்டு, வாசற்படியில் நின்று சொன்னாய்: "எம்மா, அந்தக் கப்ப யார் யாருக்கு எடுப்பேன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். இன்னைக்கு எடுக்க மாட்டேன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், தாங்கியிருக்கும்.

கை பழக்கத்தில் தானாகப் போய்விட்டது என்று இந்தக் கடிதத்தில் முதலில் எழுதி, பிறகு அடித்தேன். கை எங்கே தானாகப் போகும்? டம்ளர் கழுவித் தொட்டி ஓரத்தில் கவிழ்த்து இருந்தது, கைக்கு எட்டுகிற தூரம். கப்புப் பாக்கெட் ஃபிரிட்ஜ் மேலே. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித்தான் எடுத்தேன். கொரோனா நேரத்தில் சுத்தம் என்று சொல்லி வாங்க ஆரம்பித்தது அது. அதற்கு முன்னால் புறவாசல் மாடத்தில் ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது, உனக்கு நினைவிருக்கும். அதைத் தூக்கி எறிந்தபோது, நம் வீட்டில் அதெல்லாம் கிடையாது என்று எனக்கே ஒரு பெருமை வந்தது. அதன் இடத்துக்குத்தான் கப்பு வந்தது என்பதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. மீட்டர் பார்க்க வருகிறவருக்கு எவர்சில்வர், தென்னை ஏற வருகிறவருக்குக் கப்பு. இருவரும் ஒரே வெயிலில்தான் வருகிறார்கள். சுத்தம் என்றால் இரண்டு பேருக்கும் கப்பு கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? நான் செய்தது தீண்டாமை. கோப்பில் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது.

ஆனால் இந்தப் புத்தி எனக்கு உடனே வரவில்லை. திங்களும் செவ்வாயும் எங்கள் ஆபீசுக்கு எந்தத் தினமும் இல்லை, சுற்றறிக்கை இல்லை, வரிசை இல்லை. அந்த இரண்டு நாளும் நான் உன்மேல்தான் கோபமாக இருந்தேன். ஒண்டியாக நின்று வளர்த்தவளை, ஒரு கப்புக்காக வாசற்படியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டானே, நேற்று வந்தவள் பெரிதாகிவிட்டாளா என்று பாத்திரம் விளக்கும்போதெல்லாம் உன்னிடம் சத்தமாகச் சண்டை போட்டேன். கல்யாணம் ஆனபிறகு உனக்கும் இப்படி வரும் கண்ணா. தப்பு நம்முடையது என்று அடிமனதில் தெரிந்துவிட்டால்தான் அடுத்த ஆள்மேல் அவ்வளவு கோபம் வரும். அப்படிக் கோபம் வருகிற அன்று ரேவதியிடம் வாயைத் திறக்காதே. ஒரு நடை வெளியே போய்விட்டு வந்து பேசு. எனக்கு அப்படி நடந்துவிட்டு வரத் தெரியவில்லை.

புதன்கிழமை தை அமாவாசை. இத்தனை வருடமும் அப்பாவுக்கு நீதான் குறுக்குத்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறாய். சண்டை எத்தனை இருந்தாலும் இதற்கு வருவாய் என்று நினைத்து, வாழைக்காயும் அரிசியும் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே போய்ப் படித்துறையில் உட்கார்ந்தேன். ஆற்றில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒவ்வொரு ஆண்பிள்ளை தலையாகப் பார்த்தேன். வழக்கமாகச் செய்துவைக்கிற ஐயர், "பையன் எங்கம்மா? நேரம் ஆறதே" என்று இரண்டு முறை கேட்டார். ஒன்பது மணிக்கு எழுந்து வந்துவிட்டேன். உன் அப்பா போன வருடத்துக்குப் பிறகு நான் அவ்வளவு அழுததில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. ரேவதி. "அம்மா, அவரு சீவலப்பேரியில தர்ப்பணம் குடுத்துட்டாரு. நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்க, ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னு காலையிலயே சொன்னேன், கேக்கல. அப்பாவுக்குச் செய்யலையோன்னு நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுல்லா, அதான் நானே கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதா அவருகிட்ட சொல்லாண்டாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி" என்றேன். போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் முன்னால் அவளை என்ன செய்திருந்தேன் என்று தெரிந்தும், நன்றி என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டதை இப்போது மீறுகிறேன். எப்படிப்பட்டவளைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்பது உனக்கு முழுதாகத் தெரிய வேண்டாமா?

மறுநாள் முப்பதாம் தேதி. பதினொரு மணிக்குச் சங்கு ஊத, தியாகிகளுக்காக இரண்டு நிமிடம் மௌனம். பிறகு தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. அதன் பின்னால் தொழுநோய் ஒழிப்பு. எனக்கு அன்று குரல் நடுங்கும், பாதியில் நின்றுவிடுவேன் என்று நினைத்தேன். நிற்கவில்லை கண்ணா. ஒரு பிசிறும் இல்லை. யாரிடமும் எந்த வேற்றுமையும் பாராட்ட மாட்டேன் என்கிற பொருளில் வருகிற வரியை வழக்கம்போல அழுத்திப் படித்தேன், எல்லோரும் அழுத்தித் திருப்பிச் சொன்னார்கள், படம் மேலே போனது. வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வாசித்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்த வாய் எதை வேண்டுமானாலும் படிக்கும் என்று எனக்குத் தெரிந்துபோனது.

அலுவலக உதவியாளர் ஆறுமுகத்தை உனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக எனக்கு மைக் பிடிக்கிறவர். அன்று டீ ஊற்றிக்கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சின்ன டம்ளரை எடுத்து அதில் தனக்கு ஊற்றிக்கொண்டார். அவர் தினமும் செய்கிற காரியம்தான், ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. "ஏன் ஆறுமுகம், ஒங்களுக்கு மட்டும் தனியா டம்ளர்?" என்று கேட்டுவிட்டேன்.

"இப்பதான் கேக்கியளாக்கா?" என்று சிரித்தார். "நான் வேலைக்கு வந்த அன்னைக்கு, டீக்கு ஒரு டம்ளர் கொறையுது, நாளைக்கு வாங்கிக்கிடலாம்னு சொன்னாவ. நாளைக்கும் கொறைஞ்சது. எனக்குப் புரிஞ்சு போச்சு. மூணாம் நாளு வீட்ல இருந்து கொண்டாந்துட்டேன்."

"யாரு சொன்னது?"

"விடுங்கக்கா, பழைய கதை." டம்ளரைக் கழுவப் போய்விட்டார். சொன்னது நானாகவும் இருக்கலாம். அந்த நாட்களில் டம்ளர் எண்ணி வைக்கிற வேலை என்னுடையது. எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை, நினைவு வராததே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. மறுநாள் அவரிடம் போய், நானாக இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றேன். "நீங்களா இருந்தாலும் இப்ப என்னக்கா செய்ய முடியும்? அடுத்த வருஷம் நான் வாசிக்கேன், நீங்க மைக்கப் பிடிங்க" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில் நீயும் ரேவதியும் சிறப்புத் திருமணச் சட்டப்படிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்த கல்யாண அறிவிப்பைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நானும் போய்ப் பார்த்தேன். என் வீட்டு முகவரிக்கு மேலே உன் பெயர், பக்கத்தில் அவள் பெயர். ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று கீழே. அதை எனக்கு முன்பே படித்தவர் உன் மாமா. திசையன்விளையிலிருந்து வெள்ளைத்தாளோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏளா, நீ எழுது. ஒன் எழுத்துல ஒரு புள்ளி தப்பு இருக்காது. பெத்தவ கையெழுத்துன்னா அதுக்கு ஒரு மதிப்பு உண்டு" என்றார்.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் வயசு ஆயிட்டு. வேற கல்யாணம் ஆகல. புத்தி தெளிவா இருக்கு. எதுக்குன்னு ஆட்சேபனை எழுத?"

"சாதிக்குன்னு எழுது."

"அதுக்குச் சட்டத்துல எடம் இல்லண்ணே. எங்கிட்டயும் இல்ல."

"அப்ப எனக்கும் ஒனக்கும் இன்னையோட முடிஞ்சு போச்சு" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா செத்த வருடம் முழுக்க உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் பால்வாடிக்கும் அலைந்த மனுஷன். அவர் இல்லாமல் நீயும் நானும் இன்று இல்லை. அவர் படியிறங்கிப் போனது எனக்கு வலிக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கூப்பிடவும் இல்லை.

இதை ஊர் படிக்கட்டும் என்று ஏன் கொடுத்தேன் என்றால், இரண்டு காரணம். மைக்கில் சொன்னதை நாற்பது பேர் கேட்டார்கள், செய்ததையும் அவர்கள் கேட்கத்தான் வேண்டும். இரண்டாவது, நம்ம ஊர் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவளே வேண்டாம் என்கிற கல்யாணம் என்று நினைத்தால் கண்டவனுக்கும் கை நீளும். இந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா சம்மதம் என்று அச்சில் வந்து நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் கொஞ்சம் யோசிப்பான். அதுவரை நீங்கள் இரண்டு பேரும் பைக்கில் அலைய வேண்டாம், கம்பெனி பஸ்ஸிலேயே போய் வாருங்கள். இதில் மட்டும் என் பேச்சைக் கேள்.

அந்தச் சட்டப்படிக் கல்யாணம் பண்ண மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். உன் சிநேகிதன் ஒருவன், அவளுடைய அக்கா ஒருத்தி, இரண்டு பேர் தயார் என்றும் மூன்றாவது ஆளைத் தேடுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். நான் வருகிறேன். ஆனால் இதை நான் உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு என்னை மன்னிப்பது சுலபம், நீ என் பிள்ளை. இந்தத் தாளை ரேவதியிடம் கொடு. அவள் படிக்கும்போது பக்கத்தில் நின்று 'எங்கம்மா பாவம்' என்று எனக்காகப் பேசிக் கெடுத்துவிடாதே.

ரேவதி, நீ வேண்டாம் என்று சொன்னால் அது நியாயம். அன்றைக்கு நான் ஆபீஸ் போய்விடுவேன், ஒரு குறையும் நினைக்க மாட்டேன். வரலாம் என்று சொன்னால், ஆதார் அட்டையோடு பத்து மணிக்கு முன்பே வந்து வாசலில் நிற்பேன். சாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் என்ன உறவு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்கிற உரிமையை நான் என் வீட்டிலேயே இழந்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாயோ அதை எழுதி, கீழே கையெழுத்துப் போடுகிறேன்.